பூட்டுத் தொங்காத ஆறு வீடுகள்

போன திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ் எங்கள் வாசலுக்கு எதிரே நின்றது. கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும் இடம் கடைத்தெரு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே அது நின்று நான் பார்த்ததே இல்லை. படிக்கட்டிலிருந்து கண்டக்டர் கோவிந்தசாமி குதித்து, தோல்பை இடுப்பில் அடிக்க ஓடி வந்தார்.

"டீச்சர், அக்கா போயிட்டாங்க. நேத்து சாயங்காலம்" என்றார்.

எந்த அக்கா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். கோவிந்தசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு நாலு அடி திரும்பி ஓடினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக மறுபடியும் என்னிடம் வந்தார்.

"ஆறு ஊடும் ஃபுல்லா இருக்குதுன்னு உங்க கிட்ட சொல்லச் சொன்னாங்க டீச்சர். ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப சொன்னாங்க. நல்லவேளை, மறந்துட்டுப் போயிருப்பேன்."

பஸ் போய்விட்டது. தலைமையாசிரியையான நான் வாசலில் நின்று வாய்விட்டுச் சிரிப்பதையும், சிரித்த வாய் மூடுவதற்குள் அழுவதையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அன்று முழுவதும் அந்த வகுப்பு மிகவும் ஒழுங்காக இருந்தது.

ஆரணி கொசப்பாளையத்தில் 'ஆறு வீட்டு லைனில்' எப்போதாவது குடியிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்கு மரகதம் அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உங்களில் பலர் பின்னால் வந்தவர்கள். நீங்கள் பார்த்த அக்கா, வீட்டுச் சொந்தக்காரி என்ற கவலையே இல்லாமல் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர். அதற்கு முந்திய சில வருஷங்கள் அவர் எப்படி ஓடினார் என்பது உங்களுக்குத் தெரியாது.

அக்காவின் கணவர் பட்டு நூலுக்குச் சாயம் போடும் தொழில் செய்தவர். சம்பாதித்ததை எல்லாம் செங்கல்லாக மாற்றி, ஒரே வரிசையில் ஆறு வீடுகள் கட்டினார். ஆறாவது வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. வரிசையின் முனையில் இருந்த சின்ன ஓட்டு வீட்டில் அக்கா தனியாக இருந்தார்.

கணவரின் அண்ணன் ஏகாம்பரம் ஜரிகை வியாபாரி. கெட்டவர் இல்லை. ஒரு பெண்பிள்ளை ஆறு குடித்தனக்காரர்களோடு மல்லுக்கட்டுவது குடும்பத்துக்கு அழகில்லை என்று உண்மையாகவே நம்பியவர். பட்டு வியாபாரி ஒருவர் கிடங்கு கட்ட அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால் அந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்தது. உறவுப் பெரியவர்கள் நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்து அவர் பேசினார்.

"வித்து பேங்குல போட்டா வட்டில உக்காந்து சாப்டலாம் மரகதம். குடித்தனக்காரங்க பேஜாரு உனுக்கு இன்னாத்துக்கு? ஊடு காலியா கெடந்தா யாரு ஆள் தேடுவா?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவர் சட்டம் பேசுவார்.

"எந்த ஊடாவது மூணு மாசம் சேந்தாப்ல காலியா கெடந்தா, அன்னிக்கே வித்துடுங்க மாமா. நானே கையெழுத்துப் போடறேன். அது வரைக்கும் அந்தப் பேச்சு வேணாம்."

நியாயமான வார்த்தை என்று பெரியவர்கள் எழுந்து காப்பி குடிக்கப் போனார்கள். இந்த நிபந்தனை எத்தனை வருஷத்துக்கு என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சொன்னவருக்கும்தான். அன்று முதல் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி காலையில் ஏகாம்பரம் குடையோடு தெருவில் நடந்து வருவார். ஆறு வாசலையும் பார்ப்பார். பூட்டுத் தொங்கினால் ஒரு விரலை மடக்குவார். யாரிடமும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்.

நான் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தது இதற்கு மறுவருஷம். கணக்கு டீச்சராக மாற்றலாகி வந்தேன். வயது இருபத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. ஆரணியில் அன்று காலியாக இருந்த வீடுகள் எத்தனையோ, அத்தனை வாசலிலும் நின்றிருக்கிறேன். "வூட்டுக்காரரு எங்க வேலை பாக்கறாரு?" என்பது முதல் கேள்வி. இல்லை என்றால், "அப்பா அம்மா கூட இருப்பாங்களா?" அதுவும் இல்லை என்றால், வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "எங்க மருமவன் வந்தாலும் வருவாரு" என்பார். எல்லா வீட்டுக்கும் ஒரு மருமகன் வரவிருந்தார். பதினோரு நாள் ஒரு சக ஆசிரியையின் வீட்டில், அவருடைய மாமியாரின் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மாள் காத்திருந்தார். ஒல்லியாக, உயரமாக, அவசரமாக. "ஊடு தேடிகினு இருக்கிற டீச்சர் நீங்கதானே? வாங்க" என்று என் கைப்பையை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். பின்னால் போவதைத் தவிர எனக்கு வழியில்லை. பையில் நாற்பத்திரண்டு பரீட்சைத் தாள்கள் இருந்தன.

ஐந்தாம் வீட்டைத் திறந்தார். கூடம் நல்ல வெளிச்சம். சமையலறை சுத்தம். கூடத்தின் ஓரத்தில் தரையில் ஒரு பள்ளம் இருந்தது. இடுப்பளவு ஆழம். அதற்கு முன் அங்கே இருந்த நெசவுக் குடும்பம் சொந்த வீடு கட்டிக்கொண்டு தறியைக் கழற்றி எடுத்துப் போயிருந்தது. தறிக்குழியை எடுத்துப் போக முடியவில்லை. வீடு பார்க்க வந்த ஒவ்வொருவரும் குழந்தை விழுந்துவிடும், பாம்பு இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மண்ணைப் போட்டு மூடிவிடலாம். ஆனால் மூடியபின் நெசவாளி யாராவது வந்து குழி இருக்கிறதா என்று கேட்டால்? அந்தப் பயத்தில் அக்கா அதை மூடவுமில்லை.

"இது என்னது?" என்றேன்.

"அதுவா? காலைத் தொங்கப் போட்டு உக்காருங்க. உக்காருங்க டீச்சர்." உட்கார்ந்தேன். குழியின் குறுக்கே ஒரு பலகையை இழுத்துப் போட்டார். என் பையிலிருந்த பரீட்சைத் தாள்களை எடுத்து அதன்மேல் வைத்தார். "மேசையும் நாற்காலியும் வாங்குற செலவு மிச்சம்."

உண்மையில் அது மிக வசதியாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் யோசிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன். மாட்டுக் கொட்டகை என்றாலும் அன்று நான் சரி என்று சொல்லியிருப்பேன். அவரும் யோசிப்பதுபோல் கூரையைப் பார்த்தார். அந்த வீடு பூட்டிக் கிடந்து மூன்று மாதம் ஆக இன்னும் இரண்டே நாள் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் குடக்கூலியைப் பாதியாகக் குறைத்திருப்பேன். என் நிலைமை தெரிந்திருந்தால் அவர் அதை இரண்டு மடங்காக்கியிருப்பார். இரண்டு பேரும் பெரிய மனது பண்ணுவதுபோல் ஒப்புக்கொண்டோம். இந்த உண்மையை ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் அந்தக் குழியில் உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கே மார்க் போட்டுவிட்டேன்.

என்னைக் குடிவைத்ததிலிருந்து அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். "எல்லாரும் வேணும்ங்கிற குடித்தனக்காரனுக்கு எங்க போனாலும் ஊடு கெடைக்கும். அவன் எதுக்கு எங்கிட்ட இருக்கணும்? யாரும் வேணாம்ங்கிற ஆளா பாத்துப் புடிச்சா, வெளிய தள்ளுனாலும் போவ மாட்டான்." அந்த வெளியே தள்ளினாலும் போகாத ஆள் நான்தான் என்பதை என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அதன்பின் அவர் ஆள் பிடித்த விதத்தை ஊர் வேடிக்கை பார்த்தது. கல்யாணமாகாத கண்டக்டர் என்பதால் எங்கும் இடம் கிடைக்காமல் பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டிருந்த கோவிந்தசாமி நாலாம் வீட்டுக்கு வந்தார். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் துரைசாமி, வீட்டுக்காரர்களால் ஐந்து முறை துரத்தப்பட்டவர், மூன்றாம் வீட்டுக்கு வந்தார். அவரை எங்கே வைப்பது என்று அக்கா இரண்டு நாள் யோசித்தார். ஒரு பக்கம் இரண்டாம் வீட்டில் தறி ஓடும். அவர்களுக்கு அந்தச் சத்தத்துக்கு மேல் எதுவும் கேட்காது. மறுபக்கம் கண்டக்டர் பகலில் இருக்க மாட்டார். நடுவில் கிளாரினெட். மூன்று பேருக்கும் இதமாக இருந்தது. ஒரு வீடு தள்ளியிருந்த எனக்குத்தான் கல்யாண ஊர்வலத்தின் நடுவில் அல்ஜீப்ரா திருத்தும் பாக்கியம் கிடைத்தது. முறையிட்டேன்.

"ஊட்டை மாத்திக் குடுக்கட்டுமா டீச்சர்?" என்று அக்கா கவலையோடு கேட்டார். எந்த வீடும் காலியாக இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்று வருஷம் ஏகாம்பரத்துக்கு விரல் மடக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. வீடு காலியாகும், மறு வாரம் நிரம்பிவிடும். பிறகுதான் ஆறாம் வீட்டில் தொல்லை வந்தது. அங்கே தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். திடீரென்று ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டார். புதிதாகக் கட்டிய வீடொன்றைக் குறைந்த வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தவர் ஏகாம்பரம்தான் என்று பின்னால் தெரிந்தது. போகிறபோது குமாஸ்தா, கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டும் போனார். வந்தவர்கள் எல்லாம் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். தண்ணீர் எப்போதும் இருந்ததுபோலத்தான் இருந்தது. சொன்னபிறகு உப்புக் கரித்தது.

"காலியா கெடக்கிற ஊடு ஊமை மாதிரி டீச்சர். யாரு இன்னா சொன்னாலும் திருப்பிப் பேசாது" என்றார் அக்கா.

முதல் ஒன்றாம் தேதி வந்தது. ஏகாம்பரம் குடையோடு வந்தார். ஆறாம் வீட்டில் பூட்டுத் தொங்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது. கொடியில் ஓர் ஆண்பிள்ளைச் சட்டை ஈரமாகத் தொங்கியது. முதல்முறையாக அவர் வாய்திறந்து கேட்டார்.

"யாரு வந்திருக்கா?"

"சம்பத்துன்னு ஒருத்தரு. சேத்துப்பட்டுல சர்க்கார் ஆபீசு. விடியக்காலம் மொத பஸ்ஸுக்குப் பின்கதவு வழியா போயிடுவாரு" என்றார் அக்கா. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. விடியுமுன் பின்கதவு வழியாகப் போய்த் தாழ் போட்டவர் அக்கா. சட்டையை நனைத்துத் தொங்கப்போட்டவரும் அவரே. இறந்துபோன கணவரின் சட்டை அது. பெட்டியிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். "நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் அதுக்கு வெயில் பட்டுது டீச்சர்" என்றார்.

ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் போகவில்லை. எங்களை ஒவ்வொருவராக விசாரித்தார். நான் கணக்கு டீச்சர், பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொல்லவும் இல்லை. "அந்த வீட்டிலேருந்து ஒரு சத்தம் கேட்டதில்லைங்க. சிகரெட் பிடிச்சு நான் பார்த்ததே இல்லை. யார்கிட்டேயும் வம்புக்குப் போனதில்லை" என்றேன். மூன்றும் உண்மை. துரைசாமி, "என் வாசிப்பைப் பத்தி ஒரு நாள் கூட குறை சொல்லாத ஒரே மனுஷன்" என்று சொல்லி நெகிழ்ந்தார். அதுவும் உண்மை. அப்போது சேத்துப்பட்டு வழித்தடத்தில் ஓடிக்கொண்டிருந்த கோவிந்தசாமி ஒருவர்தான் எல்லை மீறினார். "கேக்கறதுக்கு முன்னாடி கரெக்டா சில்லறை குடுக்கிறவரு சார். இந்தக் காலத்துல அந்த மாதிரி யாரு இருக்காங்க?" என்றார். ஒரு கண்டக்டரின் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வர முடியாது.

இரண்டாம் ஒன்றாம் தேதியும் சட்டையோடு கடந்தது. இதற்கிடையில் அக்கா நிஜமான ஆளைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். போளூர்ச் சந்தை வரை போய் வந்தார். யாரும் அகப்படவில்லை. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏகாம்பரம் வந்தார். கையில் குடை இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் இருந்தன. அக்காவின் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்த நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க டீச்சர், உங்களையும் கேக்கணும்" என்றார். குரல் பட்டுபோல இருந்தது.

"மரகதம், அந்த சம்பத்து எந்த ஊருப் புள்ள?"

"எதுக்கு மாமா?"

"எம் பொண்ணு கலாவதிக்குத்தான். நானும் ரெண்டு வருஷமா பாத்துகினு இருக்கேன். ஒருத்தன் குடிக்கிறான், ஒருத்தன் சீட்டாடுறான். இந்தப் புள்ளைய பத்தி யாரைக் கேட்டாலும் ஒரு கெட்ட வார்த்தை வரல. சர்க்கார் வேலை வேற. அண்ணி ஸ்தானத்துல நீ பேசி முடிச்சுக் குடுத்தா..." பழத்தையும் பூவையும் அக்காவின் பக்கம் நகர்த்தி வைத்தார். "எடம் வித்துடுன்னு ஒன்னை எவ்ளோ தொந்தரவு பண்ணியிருக்கேன். மனசுல வச்சுக்காத."

பதற்றத்தில் தம்பி மனைவியை அண்ணி என்றார். யாரும் திருத்தவில்லை. நான் காப்பி டம்ளரின் அடியை ஆராய்ந்தேன். நாங்கள் நாலு பேர் சேர்ந்து, ஒரு குறையும் இல்லாத ஆளை உண்டாக்கியிருந்தோம். அப்படிப்பட்ட ஆளுக்குப் பெண் கொடுக்க யாராவது வருவார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏகாம்பரம் போனபின் நாங்கள் நாலு பேரும் கூடினோம். சம்பத்துக்கு டில்லிக்கு மாற்றல் கொடுத்துவிடலாம் என்றார் கோவிந்தசாமி. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதாகச் சொல்லிவிடலாம் என்றார் துரைசாமி. "அப்ப பொண்டாட்டி எங்கன்னு கேப்பாரே?" "பிரசவத்துக்குப் போயிருக்கா." அந்த வேகத்தில் போனால் பிள்ளைக்குப் பெயரும் வைத்திருப்பார்கள். அக்கா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பூட்டுக்காகப் பொய் சொன்னேன், சரி. அது என் ஊடு, என் பொய்யி. அங்க ஒரு பொண்ணு சாமி கும்புட்டுகினு உக்காந்திருக்கும். அதை வச்சு வெளையாட முடியாது" என்று செருப்பை மாட்டினார். "டீச்சர், நீங்க கூட வாங்க. அவரு கத்துனா ரெண்டு பேரா இருந்தா பரவால்ல."

ஏகாம்பரத்தின் வீட்டில் எங்களுக்குக் கேசரி வைத்தார்கள். அவருடைய மனைவி பட்டம்மாள் புதுப்புடவை கட்டியிருந்தார். கலாவதி சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். அக்கா தட்டைத் தொடவில்லை.

"மாமா, சம்பத்துன்னு யாரும் இல்ல. ஊடு காலி. குமாஸ்தா போனதுலேருந்து காலி. இன்னும் ஒம்போது நாள் இருக்குது. அது முடிஞ்சா நீங்க சொன்ன எடத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. "அந்தச் சட்டை?" என்றார்.

"உங்க தம்பியோடது."

ஏகாம்பரம் கத்தவில்லை. நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "பாத்தேன். தம்பி சட்டை மாதிரியே இருக்குதேன்னு ரெண்டு தடவையும் நின்னு பாத்தேன்" என்றார். பிறகு அவர் வியாபாரி முகத்தை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். "வார்த்தைன்னா வார்த்தைதான் மரகதம். ஒம்போது நாளுல ஆளு வந்தா சரி, இல்லன்னா பத்தாம் நாளு பத்திரம் எழுதிடலாம்."

"சரி மாமா."

பட்டம்மாள் கேசரிக் கரண்டியைக் கீழே வைத்தார். "குமாஸ்தா ஏன் போனாரு?" என்று கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஏகாம்பரமும் சொல்லவில்லை. ஆனால் கணவரின் முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பட்டம்மாளுக்கு விஷயம் விளங்கிக்கொண்டே போனது.

எட்டு நாள் தேடினோம். பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களிடமும் சொன்னேன். கோவிந்தசாமி டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் வீடு வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை. எட்டாம் நாள் சாயங்காலம் அக்கா ஆறாம் வீட்டைப் பெருக்கி, அந்தச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார். அழவில்லை. "நீங்க வேற ஊடு பாத்துக்குங்க டீச்சர். இப்ப உங்களுக்கு வயசு ஏறியிருக்குது, குடுப்பாங்க" என்றார். அப்போதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒன்பதாம் நாள் காலை பத்து மணிக்கு ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. ஒரு பீரோ, இரண்டு பெட்டி, ஓர் அம்மிக்கல், மேலே கலாவதி. வண்டிக்குப் பின்னால் பட்டம்மாள் நடந்து வந்தார்.

"ஆறாம் ஊடு காலியாமே. குடக்கூலி இன்னா?" என்று கேட்டார்.

"அக்கா, நீங்களா?" என்றார் மரகதம் அக்கா.

"ஏன், குடும்பத்துக்காரங்களுக்குத் தர மாட்டியா? கட்டிகிட்ட மனுஷன் தம்பி பொண்டாட்டி ஊட்டைக் காலி பண்ண வச்சுட்டு, ஆளு இருக்குதா இல்லியான்னு கூட விசாரிக்காம பெத்த பொண்ணைக் குடுக்கக் கெளம்பறாரு. அந்த ஊட்டுல நான் எப்பிடி இருக்கறது?" கையிலிருந்த சொம்பில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மொண்டு ஒரு வாய் குடித்தார். "உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் பத்திரம் எழுத ஏகாம்பரம் வந்தார். ஆறாம் வீட்டு வாசலில் அவருடைய மனைவி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் திரும்பவில்லை. புள்ளி வைப்பதிலேயே கவனமாக இருந்தார். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

அன்று முதல் அவர் ஒரு வேளை மட்டும் ஆறாம் வீட்டுக்குச் சாப்பிட வந்துபோனார். அதுவும் வேண்டாவெறுப்பாக அனுமதிக்கப்பட்ட விருந்தாளியாக. ஐந்தாம் வீட்டில் இருந்த எனக்கு எல்லாம் கேட்கும். குழம்பு ஊற்றும்போது ஒரு வாக்கியம், மோர் ஊற்றும்போது ஒரு வாக்கியம் என்று பட்டம்மாள் அவருக்கு அளந்து பேசினார். மனிதர் இரண்டு மாதத்தில் இளைத்துவிட்டார். கடைசியில் ஒரு நாள் அக்காவின் வாசலில் வந்து நின்றார்.

"மரகதம், அந்த ஊட்டை காலி பண்ணச் சொல்லேன்."

அக்கா நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "நல்லா கேட்டீங்க மாமா. மாசம் பொறந்தா குடக்கூலி கைக்கு வருது, வாசல் சுத்தமா இருக்குது, ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல. இந்த மாதிரி குடித்தனக்காரங்களை எந்த ஊட்டுக்காரியாவது காலி பண்ணச் சொல்லுவாளா?"

பட்டம்மாள் தம் நிபந்தனையைக் கலாவதி வழியாகச் சொல்லியனுப்பினார். அதே நாலு பெரியவர்கள், அதே பேச்சு, வாபஸ். ஏகாம்பரம் எல்லோரையும் கூட்டி, மூன்று மாத வார்த்தை இனி இல்லை என்றும், இடத்தைப் பற்றி யாரும் மரகதத்திடம் பேசக்கூடாது என்றும் சொன்னார். பெரியவர்கள் இதுவும் நியாயமான வார்த்தை என்று எழுந்து காப்பி குடிக்கப் போனார்கள். மறுவாரம் மாட்டு வண்டி திரும்பி வந்து அம்மிக்கல்லை ஏற்றியது. வண்டி தெரு முனையைத் தாண்டுவதற்குள் அக்கா என்னிடம், "ஆறாம் ஊட்டுக்கு யாராவது இருந்தா சொல்லுங்க டீச்சர்" என்றார். இரண்டு வருஷம் கழித்துக் கலாவதிக்கு நல்ல இடத்தில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பெயர் சம்பத்து இல்லை. கல்யாண ஊர்வலத்தில் துரைசாமி வாசித்தார். அதன்பிறகு ஒன்றாம் தேதிகளில் ஏகாம்பரம் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். வேறு நாட்களில் வருவார், கூட ஒரு ஆளோடு. "இவரு ஊடு தேடறாராம் மரகதம், பாரு" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கண்ணமங்கலத்துக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. உத்தரவை எடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தேதியைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார். "பதினாறாம் தேதியா? ஒன்னாந்தேதி போற மாதிரி கேட்டு வாங்கக் கூடாதா டீச்சர்? பாதி மாசத்துல நான் யாரைப் புடிக்கிறது?" என்றார். எனக்குப் பதிலாக இரண்டு ஆசிரியைகளைக் கொண்டுவந்து விட்டபிறகுதான் என்னைப் போக விட்டார். பஸ் ஏற்ற வந்தவர் கடைசி வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் இரண்டு முறை திட்டிய பின்தான் கையை எடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை ஆரணிக்குப் போயிருந்தேன். ஏகாம்பரம் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும், "மரகதத்துக்கு அம்பத்திரண்டு வயசுதான் டீச்சர். எனக்கு எழுபது ஆவுது. கணக்குல ஏதோ தப்பு இருக்குது பாருங்க" என்றார். நான் கணக்கு டீச்சர். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு நாளை நினைத்துக்கொண்டேன். நான் குடிவந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அக்காவும் நானும் முறத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தோம். ஏன் என்று தெரியவில்லை, நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் போன காரணத்தை அவரிடம் சொன்னேன். என் தாய்க்கும் முழுதாகச் சொல்லாத விஷயம் அது. ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை என்பது சொல்லி முடித்தபின்தான் எனக்கே உறைத்தது. அக்கா கையை நிறுத்தாமல் கேட்டார். "அப்பிடியா" என்றார். நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். "காரமா வேணுமா, சுமாரா வேணுமா? உங்களுக்கும் சேத்துத்தான் அரைக்கப் போறேன்" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த 'அப்பிடியா' ஒன்றுதான். ஜூன் மாதத்தில் பிள்ளையைச் சேர்க்க வரும் தாய்மார்களில் சிலர், தகப்பனார் பெயர் என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். நான் பேனாவை மூடி வைத்துவிடுகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, எத்தனை வரை எண்ணத் தெரியும் என்று கேட்கிறேன்.